ஓடும்போது மயங்கி விழுந்த மகன்: ஈசிஜி ‘நார்மல்’ என்றால் ஆடலாமா?

கேள்வி: என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான், மாவட்டக் கூடைப்பந்து அணியில் ஆடுகிறான். சென்ற மாதம் மாலைப் பயிற்சியில் பந்தோடு ஓடிக்கொண்டிருந்தவன் திடீரென்று சுருண்டு விழுந்து, அரை நிமிடத்தில் தானாகவே எழுந்துவிட்டான். மதியம் சரியாகச் சாப்பிடாததுதான் காரணம் என்று பயிற்சியாளர் சொன்னார். பக்கத்து ஆய்வகத்தில் எடுத்த ஈசிஜி ‘நார்மல்’ என்று வந்திருக்கிறது. அடுத்த மாதம் மாநில அணித் தேர்வு. உடற்தகுதிச் சான்றிதழைத் தானே வாங்கித் தருவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். ஹாங்க் கேதர்ஸ் என்ற அமெரிக்க வீரரைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது. மகனைத் தேர்வுக்கு அனுப்பலாமா?
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: இதய மருத்துவர் ஒருவர் நேரில் பார்த்து, எழுத்தில் ஒப்புதல் தரும்வரை அனுப்பாதீர்கள். தேர்வுக்கு மட்டுமல்ல, பயிற்சிக்கும், தெருவில் நண்பர்களோடு ஆடும் ஆட்டத்துக்கும் இது பொருந்தும். உங்கள் பயம் வீண் பயம் அல்ல. ஓடிக்கொண்டிருக்கும்போதே நினைவிழந்து விழுகிற பிள்ளைக்கு, இதயத்தில் கோளாறு இல்லை என்று நிரூபிக்கப்படும் வரை இருப்பதாகவே கருதி நடப்பது எங்கள் துறையின் வழக்கம்.

கேதர்ஸின் கதையைப் படித்திருக்கிறீர்கள். அதில் உங்களுக்குத் தேவையான பகுதியை மட்டும் சொல்கிறேன். பிலடெல்பியாவில் பிறந்து, கலிபோர்னியாவின் லயோலா மேரிமவுண்ட் பல்கலைக்கழக அணிக்கு ஆடிய அவர், 1988-89 பருவத்தில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 32.7 புள்ளிகளும் 13.7 ரீபவுண்டுகளும் (வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவது) எடுத்து, அமெரிக்கக் கல்லூரி முதல் பிரிவில் இரண்டிலுமே முதலிடம் பெற்றார். ஒரே பருவத்தில் அதைச் சாதித்த இரண்டாவது வீரர் அவர். 1989 டிசம்பர் 9 அன்று ஆட்டத்தின் நடுவே, ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்காகத் தடையின்றி எறியக் கிடைக்கும் வாய்ப்பு) எறிய நின்ற இடத்தில் மயங்கி விழுந்தார், எழுந்தும் விட்டார். பரிசோதனையில் உடல் உழைப்பின்போது இதயத் துடிப்பு தாறுமாறாகிறது என்று தெரிந்து, இன்டெரால் என்ற மருந்து கொடுக்கப்பட்டது. துடிப்பை அடக்கி வைக்கும் மருந்து அது. வேகமாக ஓட வேண்டியவருக்குக் காலில் கல்லைக் கட்டியது போன்ற சோர்வைத் தரும். ஆட்டம் மந்தமாகிறது என்று அவர் முறையிட்டதால் அதன் அளவு படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 1990 மார்ச் 4 அன்று, போர்ட்லாந்து அணிக்கு எதிராக, உயரத்தில் வந்த பந்தைப் பிடித்து வளையத்துக்குள் அறைந்துவிட்டுத் திரும்பியவர் தரையில் சாய்ந்தார்; எழ முயன்றார், முடியவில்லை. அன்றே இறந்தார்; 23 வயது. அவருடைய பள்ளிக் காலத் தோழரும் சக வீரருமான போ கிம்பிள், அதன் பிறகு நடந்த தேசியப் போட்டியில் ஒவ்வோர் ஆட்டத்திலும் தன் முதல் ஃப்ரீ த்ரோவை இடது கையால் எறிந்து அவரை நினைவுகூர்ந்தார். வலது கைக்காரரான கேதர்ஸ் ஃப்ரீ த்ரோவுக்கு மட்டும் இடது கையைப் பழகியிருந்தார்.

இதிலிருந்து நீங்கள் கவனிக்க வேண்டியது, முதல் முறை விழுந்தபோது அவரும் தானாகவே எழுந்தார் என்பதை. அரை நிமிடத்தில் எழுந்துவிட்டான் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பலரும் நல்ல சேதியாக எடுத்துக்கொள்வார்கள். ஆபத்தான துடிப்பு சில நேரம் தானாக அடங்கிவிடும். அடங்கியதால் அது ஆபத்தற்றதாகிவிடாது. ‘நார்மல்’ என்று வந்த ஈசிஜியும் அப்படித்தான். படுக்க வைத்து எடுத்த ஈசிஜி, இதயம் ஓய்வில் இருந்த சில நொடிகளைக் காட்டும். வத்தலக்குண்டில் நிற்கிற பேருந்தைப் பார்த்துவிட்டு, அது கொடைக்கானல் மலையை ஏறிவிடும் என்று சொல்லிவிட முடியாது. இதயத் தசையின் தடிமனையும் வால்வுகளையும் பார்க்க எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் சோதனை) வேண்டும். ஓட்டத்தின்போது துடிப்பு எப்படி மாறுகிறது என்று பார்க்க, மருத்துவர் அருகில் இருக்கும்போதே ட்ரெட்மில் சோதனை வேண்டும். 24 மணி நேரமோ அதற்கு மேலோ துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியும் தேவைப்படலாம். எது முதலில் என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

விளையாட்டு மைதானத்தில் நிகழும் மயக்கம் எல்லாமே இதய நோய் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கே நாற்பது பெற்றோர் பதறிப்போய் எழுதுவார்கள். காலை வழிபாட்டில் வெயிலில் நெடுநேரம் நின்று விழும் பிள்ளைகள் உண்டு. ரத்தத்தைக் கண்டு விழுபவர்கள் உண்டு. ஓட்டத்தை முடித்துவிட்டுச் சட்டென்று அசையாமல் நின்றவுடன் கால்களில் ரத்தம் தேங்கி விழுபவர்களும் உண்டு. இவர்களுக்கு விழுவதற்கு முன்பே கண் இருட்டும், குமட்டும், உடல் வியர்த்துக் குளிரும்; படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தால் சரியாகிவிடும். இது பெரும்பாலும் தீங்கற்றது. உங்கள் மகன் ஓட்டத்தின் நடுவே, முன்னறிவிப்பு எதுவுமின்றி விழுந்திருக்கிறான்; ஆகவே இந்தச் சலுகை அவனுக்குக் கிடையாது. இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 1993 ஏப்ரல் 29 அன்று அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து அணியான பாஸ்டன் செல்டிக்ஸின் தலைவர் ரெஜ்ஜி லூயிஸ் ஆட்டத்தின்போது தள்ளாடி விழுந்தார். அணி கூட்டிய மருத்துவர் குழு, இதயத் தசை நோய், ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்றது. அவர் வேறொரு மருத்துவமனைக்கு மாறினார். அங்கிருந்து வந்த இரண்டாவது கருத்து, இதயம் விளையாட்டு வீரருக்கு உரிய இயல்பான இதயம்தான், இது மேலே சொன்னது போன்ற சாதாரண நரம்பு வழி மயக்கம் என்றது. ஜூலை 27 அன்று பந்து எறிந்து பழகிக்கொண்டிருந்தபோது லூயிஸ் இறந்தார்; 27 வயது. இரண்டாவது கருத்து கேட்பது உங்கள் உரிமை. ஆனால் விரும்பிய பதில் வரும்வரை ஒவ்வொரு கதவாகத் தட்டுவது வேறு விஷயம்.

சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்கிற அந்த மனிதரிடம் வருகிறேன். இவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். தேர்வு நடக்கும் வாரங்களில், ஏற்கெனவே கையெழுத்தும் முத்திரையும் போடப்பட்ட படிவங்களோடு மைதானத்தின் வாசலில் நிற்பார்கள்; பையனின் பெயரை மட்டும் நிரப்பினால் போதும். அந்தத் தாளில் இதயத்துக்கு ஒரே ஒரு வரிதான் இருக்கும்: ‘இயல்பு’. மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைக்காமலே அந்த வரி எழுதப்பட்டுவிடுகிறது. பிள்ளையின் வயதில் மோசடி இருக்கிறதா என்று பார்க்க எலும்பு எக்ஸ்ரே வரை போகிற நம் விளையாட்டு அமைப்புகள், அவன் ஓடினால் உயிரோடு இருப்பானா என்ற கேள்விக்கு இந்த ஒற்றை வரியோடு திருப்தி அடைவது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இத்தாலியில் 1982 முதலே, போட்டி விளையாட்டில் சேரும் இளைஞர்களுக்கு மருத்துவப் பரிசோதனையும் ஈசிஜியும் சட்டப்படி கட்டாயம். நம்மிடம் விளையாட்டு ஒதுக்கீட்டு இடத்துக்கு மதிப்பெண் எவ்வளவு என்பதுதான் பேச்சு. அந்த மனிதருக்குப் பணம் கொடுக்காதீர்கள். அவர் இன்னொன்றையும் விற்கப் பார்ப்பார்: ‘மாஸ்டர் ஹெல்த் செக்கப்’. சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு என்று பக்கம் பக்கமாக வரும் அந்த அறிக்கை, உங்கள் கேள்விக்கு அநேகமாக எந்தப் பதிலும் சொல்லாது. எக்கோவுக்கும் இதய மருத்துவருக்கும் அந்தப் பணத்தைச் செலவிடுங்கள். கையில் பணம் இல்லையென்றால், மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் இதயவியல் பிரிவுக்குப் போங்கள். காத்திருக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

கோளாறு இருப்பது உறுதியானாலும் ஆட்டம் முடிந்தே போய்விட்டது என்று இப்போதே மகனிடம் சொல்லிவிடாதீர்கள். சில கோளாறுகளுக்குச் சிகிச்சைக்குப் பின் ஆடலாம். சிலவற்றுக்கு ஆடக் கூடாது. மருந்து கொடுத்தால், ‘கால் கனக்கிறது’ என்று அவன் சொல்வான். அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், ஆனால் ஒரு மாத்திரையைக்கூட நீங்களோ பயிற்சியாளரோ குறைக்க வேண்டாம்.

மருத்துவரிடம் போகும்போது அந்த ஈசிஜி தாளை எடுத்துச் செல்லுங்கள்; அந்த வகைத் தாளில் கோடுகள் நாளாக ஆக மங்கிவிடும் என்பதால் இன்றைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். விழுந்ததை நேரில் பார்த்த சக வீரர்களிடம், அவன் எந்தக் கணத்தில் விழுந்தான், முகம் வெளுத்ததா, கை கால் உதறியதா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலும் கணவர் வீட்டிலும் நாற்பது வயதுக்குள் திடீரென்று இறந்தவர்கள், நீச்சல் தெரிந்தும் கிணற்றில் மூழ்கியவர்கள் இருந்தால், அந்த விவரத்தைப் பெரியவர்களிடம் விசாரித்து அதே தாளில் சேர்த்துக்கொண்டு போங்கள்.