கன்னத்தின் உட்புறம் வெள்ளைக் கோடுகள்: புற்றுநோயாக இருக்குமோ?

கேள்வி: எனக்கு வயது 52. ஓராண்டாக இரு கன்னங்களின் உட்புறமும் வலை போன்ற வெள்ளைக் கோடுகள் தெரிகின்றன. ஈறு சிவந்து, ரசம் சாப்பிட்டாலே எரிகிறது. வெற்றிலை, புகையிலைப் பழக்கம் இல்லை. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன். பல் மருத்துவர் சதைப் பரிசோதனை செய்யச் சொல்கிறார். கத்தி பட்டால் புற்று பரவிவிடும் என்று வீட்டில் தடுக்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் விவரித்திருக்கும் அறிகுறிகள் பெரும்பாலும் வாயில் வரும் லைக்கன் பிளானஸ் என்னும் நோயையே காட்டுகின்றன. இது புற்றுநோய் அன்று. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதும் அன்று. நம் நோய் எதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்த டி அணுக்கள், வாயின் உட்தோலில் அடி அடுக்கிலுள்ள அணுக்களைத் தாக்குவதால் உண்டாகும் நாள்பட்ட அழற்சி இது. நாற்பது வயதைக் கடந்தவர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், அதிகம் காணப்படுகிறது.

கன்னத்தை விரலால் விலக்கி நல்ல வெளிச்சத்தில் பார்த்தால், கடைவாய்ப் பற்களுக்கு எதிரே மெல்லிய வெண்ணூலைப் பின்னிவிட்டாற்போல் கோடுகள் தெரியும். 1895இல் இவற்றை விவரித்த பிரெஞ்சு மருத்துவரின் பெயரால் இவை விக்காம் கோடுகள் எனப்படுகின்றன. பூஞ்சைத் தொற்றின் வெண்படலம் துணியால் வழித்தால் வந்துவிடும், இக்கோடுகள் வருவதில்லை. நம் போன்ற மாநிறத்தவருக்குக் கோடுகளை ஒட்டிக் கருமை படிவதும் உண்டு. அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். கோடுகள் மட்டும் இருந்தால் பெரும்பாலும் வலி இராது. தோல் மெலிந்து சிவக்கும்போதும் புண்ணாகும்போதும்தான் காரமும் புளிப்பும் எரிகின்றன. உங்கள் ஈறுகள் அந்த நிலையில் இருப்பதாகத் தோன்றுகிறது.

உலக அளவில் ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டக் கிராமங்களில் 7,639 பேரைப் பரிசோதித்து 1972இல் வெளியான ஆய்வில் இது 1.5 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. புகையிலையே தொடாதவர்களிடம் 0.3 விழுக்காடாக இருந்த அளவு, மெல்லுவதும் புகைப்பதும் சேர்ந்தவர்களிடம் 3.7 ஆக இருந்தது. தாம்பூலம் அடக்கும் இடத்தில் இதே போன்ற கோடுகள் தோன்றும் என்பதால், இந்த வேறுபாட்டைச் சற்று எச்சரிக்கையுடன்தான் படிக்க வேண்டும். உங்களுக்கு அப்பழக்கம் இல்லை. இரு கன்னங்களிலும் ஒன்றுபோல் இருப்பதும் லைக்கன் பிளானஸுக்கே உரிய அடையாளம்.

கத்தி பட்டால் புற்று பரவும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை. இந்த அச்சத்தால் பரிசோதனையைத் தள்ளிப்போட்டு, உண்மையிலேயே புற்றுநோய் இருந்தும் காலம் கடந்து வருகிறவர்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, சிறு துணுக்கை எடுத்து, ஓரிரு தையல் போடுவார்கள். அவ்வளவே. வாயில் வெள்ளைத் திட்டாகத் தோன்றும் வெண்படை (லூக்கோபிளேக்கியா) நோயும், பெம்ஃபிகஸ் என்னும் கொப்புள நோயும் இதே போலத் தோன்றக்கூடும் என்பதால் இப்பரிசோதனை தேவை. தயங்காமல் செய்துகொள்ளுங்கள்.

சில இரத்த அழுத்த மாத்திரைகளும், பல்லில் அடைத்த வெள்ளிநிறக் கலவையும் இத்தகைய மாற்றத்தை உண்டாக்கக்கூடும். ஆகவே மாத்திரை அட்டையை மருத்துவரிடம் காட்டுங்கள்; நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

நோயை அடியோடு நீக்கும் மருந்து இல்லை. எரிச்சலை நன்றாகக் கட்டுப்படுத்தலாம். ஸ்டீராய்டு களிம்பை மருத்துவர் சொல்லும் அளவில் உணவுக்குப் பின்பும் படுக்கும் முன்பும் தடவி, அரை மணி நேரம் எதையும் உண்ணாமலும் பருகாமலும் இருக்க வேண்டும். இம்மருந்தால் வாயில் பூஞ்சை வளரக்கூடும். புதிதாக வெண்படலம் தோன்றினால் சொல்லுங்கள். எரிகிறது என்று பல் துலக்காமல் விட்டால் ஈறு மேலும் கெடும். மென்மையான பிரஷ்ஷும் அதிகம் நுரைக்காத பற்பசையும் போதும்.

ஈறு பாதிக்கப்பட்ட பெண்கள் சிலருக்குப் பிறப்புறுப்பிலும் இதே நோய் இருக்கும். அங்கே எரிச்சலோ புண்ணோ இருந்தால், கூச்சப்படாமல் மகளிர் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பல ஆண்டுகளில் நூற்றில் ஏறக்குறைய ஒருவருக்கு இது புற்றுநோயாக மாறக்கூடும். சிவந்து புண்ணாகும் வகையிலும் நாக்கில் வருவதிலும் இந்த வாய்ப்புச் சற்றுக் கூடுதல். எனவே எரிச்சல் தணிந்த பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாயைக் காட்டுங்கள். வாய்க்குள் விரலால் தொட்டால் கெட்டியாகத் தட்டுப்படும் தடிப்போ, மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணோ தோன்றினால் அந்த ஆறு மாதத்துக்காகக் காத்திருக்காதீர்கள்.