ஏழு வயது மகனுக்கு இடைக்கால உடை: வாங்குவதா, தைப்பதா?

கேள்வி: பாரிஸ் புறநகரில் இருக்கிறோம். ஜூன் மாதம் ப்ரோவன் நகரத்தில் நடக்கும் இடைக்காலத் திருவிழாவுக்குப் போக எண்ணம். ஏழு வயது மகனுக்கு அந்தக் காலத்து உடை வேண்டுமாம். போன வருடம் இணையத்தில் 38 யூரோ கொடுத்து ஒரு போர்வீரன் உடை வாங்கினோம். போட்ட அன்றே கழுத்தோரம் பிரிந்துவிட்டது. பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டியதுதான் மிச்சம். வீட்டில் தையல் மெஷின் இருக்கிறது, ரவிக்கை தைப்பேன். இந்த முறை நானே தைக்கலாமா? என்ன துணி, எவ்வளவு வாங்க வேண்டும்?

பதில்: ரவிக்கைக்குக் கை இணைக்கத் தெரிந்தவருக்கு இது சுலபமான வேலை. தாராளமாகத் தையுங்கள். ஆனால் முழு உடையும் வேண்டாம், ஒரு குல்லா போதும். தலையை மூடி, கழுத்தைச் சுற்றி, தோள்வரை விரிந்து இறங்கும் குல்லா. பிரெஞ்சில் ஷப்ரோன் என்பார்கள். 14ஆம் நூற்றாண்டில் உழவர், வணிகர் என்று பலரும் போட்டது இது. உள்ளே ஒரு சாதாரண முழுக்கைச் சட்டையும் இடுப்பில் தோல் பெல்ட்டும் இருந்தால் பிள்ளை அந்தக் காலத்துப் பிள்ளையாகவே தெரிவான்.

கிரீன்லாந்தின் ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் இடுகாட்டில் 1921இல் அகழ்ந்தபோது, உறைந்த மண்ணுக்குள் கெடாமல் கிடந்த கம்பளி உடைகள் கிடைத்தன. அவற்றில் இப்படிப்பட்ட குல்லாக்கள் பல. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு துண்டு. தோளில் விரிவு வேண்டிய இடத்தில் முக்கோணத் துண்டு வைத்துத் தைத்திருக்கிறார்கள். நீங்களும் அப்படியே செய்யலாம். முன்பக்கம் திறக்காத குல்லா என்பதால் கழுத்துச் சுற்றளவு தலை நுழையும் அளவுக்கு இருக்க வேண்டும். மகனின் தலையை நெற்றியோடு சுற்றி அளந்து, ஆறேழு சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். தலை 52 என்றால் கழுத்து 58 அல்லது 59. முதலில் பழைய பெட்ஷீட்டில் வெட்டி, போட்டுக் கழற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் நல்ல துணியில் கத்தரி வையுங்கள்.

துணிதான் முக்கியம், பணத்தை அதில் போடுங்கள். மெல்லிய கம்பளி வாங்குங்கள், ஜூன் வெயிலுக்கு உள்துணி வேண்டாம். வெக்கையாக இருந்தால் பின்னால் தள்ளிவிட்டால் தோளில் கிடக்கும். லாசப்பலில் மெத்ரோ ஏறினால் இரண்டாவது நிறுத்தம் அன்வேர். அங்கே இறங்கினால் சென் பியர் துணிக்கடைகள். வெட்டிவைத்த துண்டுத் துணி விற்கும் கூப்போன் கடைகளில் துணி பெரும்பாலும் மூன்று மீட்டர் துண்டுகளாகவே இருக்கும். உங்களுக்கு ஒன்றரை மீட்டர் அகலத் துணியில் 70 சென்டிமீட்டர் போதும். அதனால் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கும் கடைக்கே போங்கள். வெட்டிய துணியைப் பல கடைகள் திரும்ப எடுப்பதில்லை. கடையில் நேரில் வாங்கியதை, மனம் மாறியதற்காகத் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் சட்டத்தில் இல்லை. வெட்டச் சொல்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று கைவினைக்கு விற்கும் ஃபெல்ட் துணியை எடுக்காதீர்கள். அது பெரும்பாலும் செயற்கை இழை, தையலோரத்தில் இழுத்தால் கிழியும். சுருளில் ஒட்டியிருக்கும் சீட்டில் எத்தனை சதவீதம் கம்பளி என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு நூலை உருவி, வீட்டுப் பாத்திரத் தொட்டிக்கு மேலே பிடித்துக் கொளுத்துங்கள். கம்பளி என்றால் முடி கருகும் வாடை அடித்து, விரலில் நசுக்கினால் கரித்தூளாகும். பாலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாக நிற்கும். உருகினால் அது தோலில் ஒட்டிக்கொள்ளும் என்பதையும் மனதில் வையுங்கள். கடையில் விற்கும் சிறுவர் வேட உடைகள் ஐரோப்பாவில் பொம்மைக் கணக்கில் வருபவை, ஐரோப்பியப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் சிஇ (CE) முத்திரை வேண்டும். ஆனால் அந்த முத்திரை இருந்தால் எரியாது என்று அர்த்தமில்லை. தீ நொடிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல் பரவக்கூடாது, அவ்வளவுதான். 60 சென்டிமீட்டர் உடைக்கு அது வெறும் 20 நொடி! கம்பளி லேசில் பற்றாது, பற்றினாலும் பெரும்பாலும் தானே அணையும். மெழுகுவர்த்தி, விறகு அடுப்பு இருக்கும் இடத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகும்போது எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

வெட்டும் முன் 20 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றைக் கழுவிக் காயவைத்து அளந்து பாருங்கள். 18 ஆகிவிட்டால் பத்தில் ஒரு பங்கு சுருங்குகிறது என்று அர்த்தம். முழுத் துணியையும் அதே மாதிரி கழுவிவிட்டு வெட்டுங்கள்.

கழுத்தில் நாடா, கயிறு எதுவும் கட்டாதீர்கள். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உடையில் தலை, கழுத்துப் பகுதியில் கயிறே கூடாது என்பது ஐரோப்பிய தரவிதி. ஏழு முடிந்துவிட்டது என்று நீங்களும் விட்டுவிடாதீர்கள். குல்லாவின் பின்னால் வால் வேண்டும் என்று அடம்பிடித்தால் ஒரு சாண் நீளத்துக்குக் குட்டையாக வைத்து, கையால் நாலு தளர்ந்த தையல் மட்டும் போடுங்கள். எதிலாவது மாட்டினால் வால் பிய்ந்து வரட்டும்.

போன வருடத்து உடையைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? விற்றவர் பிரான்சில் இருந்தால், புதுப் பொருளுக்கு இரண்டு வருடச் சட்டப்படியான உத்தரவாதம் உண்டு. அந்தக் காலத்தில் தெரியவரும் குறை வாங்கும்போதே இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. பிரிந்த இடத்தைப் படம் எடுத்து, ரசீதோடு அனுப்பி, சரிசெய்து தரவோ மாற்றித் தரவோ கேளுங்கள். இரண்டும் முடியாது என்றால் பணத்தைக் கேளுங்கள்.