பல மொழி தெரிந்தவர் யார்?

அன்புள்ள அம்மா,

என் மகள் உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். ஆங்கிலம், தமிழ் தவிர மூன்றாம் மொழியாகப் பிரெஞ்சு எடுத்திருக்கிறாள். கைப்பேசிச் செயலி வழியாக ஸ்பானியமும் கற்கிறாள். அவளைப் பற்றிப் பள்ளிக்கு ஒரு குறிப்பு எழுத வேண்டும். ஆங்கிலத்தில் 'பாலிகிளாட்' என்ற சொல் ஆளையும் குறிக்கிறது, நூலையும் குறிக்கிறது. தமிழில் பன்மொழியாளரா, பன்மொழிப் புலவரா? எத்தனை மொழி தெரிந்தால் அப்படிச் சொல்லலாம்? பாட்டியிடம் மட்டும் அவள் தமிழ் பேசுவதில்லை. அது வயதுக் கோளாறு, சரியாகிவிடும்.

வாசகர், ஈசூன்

அன்புள்ள நண்பருக்கு,

ஆளுக்குப் பன்மொழியாளர், நூலுக்குப் பன்மொழி நூல். இரண்டுக்கும் ஒரே சொல் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பன்மொழிப் புலவர் என்பது தமிழறிஞர்கள் கா. அப்பாதுரைக்கும் தெ.பொ. மீனாட்சிசுந்தரத்துக்கும் தமிழர்கள் மனமுவந்து கொடுத்த பட்டம், அதைப் பிள்ளைமேல் ஏற்றாதீர்கள். எத்தனை மொழி என்ற கணக்கும் வேண்டாம்.

நூல் என்று எழுதினீர்களே, அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நாளாக அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஸ்பெயினில் அல்கலா என்ற ஊரில் 1514 முதல் 1517 வரை ஒரு பைபிளை அச்சடித்தார்கள். அதன் பழைய ஏற்பாட்டில் எபிரேயம், லத்தீன், கிரேக்கம் மூன்றும் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளாக வரும். படிப்பவரின் கண் ஒரு பத்தியிலிருந்து அடுத்ததற்குப் போய், ஒப்பிட்டுப் பார்த்துத் திரும்பும். அதற்காகவே செய்த புத்தகம் அது.

இலங்கையின் காலி நகரில் 1911-இல் கிடைத்த கல்வெட்டு வேறு ரகம். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ நிறுவியது, 1409 என்று தேதியிட்டது, இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனவரை நாயனார் என்ற இந்துக் கடவுளுக்கும், பாரசீகத்தில் அல்லாவின் பெயராலும் காணிக்கை சொல்கிறது. பொன், வெள்ளி, பட்டு என்று காணிக்கைப் பட்டியல் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் தமிழ் மட்டும் தெரிந்தவர் தமிழைப் படித்துவிட்டுப் போகலாம், பக்கத்தில் யாரைக் கும்பிட்டிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது.

நம் சிங்கப்பூரில் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் கதை, கவிதை சேர்த்துப் போடும் தொகுப்புகள் பெரும்பாலும் அந்தக் கல்லைப் போலத்தான் ஆகிவிடுகின்றன. வெளியீட்டு விழாக்களில் கவனியுங்கள். நம்மவர் கையில் புத்தகம் வந்ததும் நேரே தமிழ்ப் பகுதிக்குப் புரட்டுவார். தன் பெயர் சரியாக வந்திருக்கிறதா, ஒற்று விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். மலாய்ப் பக்கத்தில் ஒருவர் நின்று படித்து நான் பார்த்ததே இல்லை. இத்தனைக்கும் மலாய் ரூமியில், அதாவது ஆங்கில எழுத்தில்தான் இருக்கிறது, யாரும் எழுத்துக்கூட்டி வாசித்துவிடலாம். தேசிய கீதத்தைப் பள்ளிக்காலம் முழுக்க அந்த மொழியில்தான் பாடினோம். பாடினோம், அவ்வளவுதான். அடுத்த வரி ஒன்றைப் படிக்க நமக்கு மனம் வரவில்லை.

எங்கள் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. நாங்கள் இருந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் எதிர்வீட்டு ஹொக்கியன் பாட்டிக்கும் அவருக்கும் பொதுவாக இருந்தது சந்தை மலாய் ஒன்றுதான். எனக்குக் காய்ச்சல் வந்த இரவில் அம்மா அந்தக் கம்பிக்கதவைத் தட்டி, "சாயா பூன்யா அனாக் டெமாம்", என் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றார். பாட்டி தூக்கக் கலக்கத்தோடு வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "பானாஸ், பானாஸ்" (சுடுகிறது, சுடுகிறது) என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய் ஏதோ கசப்பு மருந்து கொண்டுவந்தார். இலக்கணம் தெரிந்தவர்கள் அந்த மலாயைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார்கள். ஆனால் தமிழ்ப் பெண்ணும் சீனப் பாட்டியும் தங்களுடையதல்லாத ஒரு மொழியில் ஒரு பிள்ளையின் காய்ச்சலைப் பேசித் தீர்த்தார்கள். பன்மொழியாளர் என்று என்னைச் சொல்லச் சொன்னால் அந்த இரண்டு பேரைத்தான் முதலில் சொல்வேன்.

உங்கள் மகள் கெட்டிக்காரப் பெண். பிரெஞ்சு படிக்கட்டும், ஸ்பானியமும் படிக்கட்டும், எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் மலாய் பேசும் ஆசிரியரும் அண்டைவீட்டாரும் பேருந்து ஓட்டுநரும் சுற்றியிருக்கும்போது அந்த மொழியை ஏன் ஒருவரும் அவள் பக்கம் நகர்த்தவில்லை? பள்ளியில் மூன்றாம் மொழியாக மலாயும் எடுத்திருக்கலாமே, அதைப் பற்றி வீட்டில் ஒரு பேச்சாவது வந்ததா?

அப்புறம் அந்த வயதுக் கோளாறு. அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. பாட்டியிடம் ஆங்கிலத்தில் பேசும் பழக்கம் தானாக வராது, வீட்டில் பெரியவர்கள் பேசுவதைப் பார்த்துத்தான் வரும். உங்கள் தாயாரிடம் நீங்கள் என்ன மொழியில் பேசுகிறீர்கள்? குறிப்பில் இன்னின்ன மொழி படிக்கிறாள் என்று உள்ளதை எழுதுங்கள், அது போதும்.

உங்கள் தாயாருக்கு மலாய் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. அந்தத் தலைமுறை இங்கேயே வளர்ந்தவர் என்றால் அநேகமாகத் தெரிந்திருக்கும். சனிக்கிழமை இருவரையும் தேக்கா சந்தைக்கு அனுப்பிவையுங்கள். மீன் விலையைப் பாட்டி எந்த மொழியில் கேட்கிறார் என்று மகளைக் கவனித்து வரச் சொல்லுங்கள். அதை எனக்கு எழுதுங்கள், ஆனால் கடிதத்தை அவளே எழுதட்டும்.