மைக்ரோவேவில் மட்டும் பொறி பறந்தால்

உங்கள் மைக்ரோவேவ் அவனில் கன்வெக்ஷன் முறையில், அதாவது சூடான காற்றில், கேக் ஒழுங்காக வேகிறது, மைக்ரோவேவ் முறையில் பால் வைத்தால் மட்டும் உள்ளே வலப்பக்கச் சுவரில் பொறி பறக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் ஹீட்டர்மேல் சந்தேகம் வேண்டாம். அந்தச் சுவரில், மைக்ரோவேவ் அலைகள் உள்ளே வரும் வழியை மூடி, அட்டை போல ஒரு மைக்கா தகடு இருக்கும், பாருங்கள். எண்ணெயும் குழம்பும் தெறித்துப் படிந்த இடம் கருகினால் பொறி அங்கிருந்துதான் கிளம்பும். பிளக்கைப் பிடுங்கி, ஆறியபின் ஈரத்துணியால் துடையுங்கள். கரிந்து ஓட்டை விழுந்திருந்தால் துடைத்துப் பயனில்லை. அதே அளவில் புதுத் தகடு போட வேண்டும். அதுவரை மைக்ரோவேவை ஓட்டாதீர்கள்.

அப்புறம், கிரில் கம்பி ஸ்டாண்டை உள்ளேயே விட்டுவிட்டீர்களா? அதுவும் பொறி கிளப்பும்.

வெளி மூடியை மட்டும் தயவுசெய்து நீங்களே கழற்றாதீர்கள். பிளக்கை எடுத்த பிறகும், மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாகமான கெப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கலாம். தகடு மாற்றியும் பொறி நிற்காவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.