முப்பது மடலுக்கும் பதில் இல்லையா? விண்வெளி இன்டர்ன்ஷிப்புக்கு உங்கள் பாடத்திலிருந்தே தொடங்குங்கள்

கேள்வி: மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சிஜிபிஏ 7.1. விண்வெளி ஆய்வு நிறுவனம் ஒன்றில் இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டும் என்று ஆசை. இதுவரை முப்பதுக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் அனுப்பிவிட்டேன், ஒரு பதிலும் வரவில்லை. ஏரோஸ்பேஸ் படிக்காததுதான் காரணமா? பணம் கட்டினால் இன்டர்ன்ஷிப்பும் சான்றிதழும் தருவதாகச் சிலர் சொல்கிறார்கள். சேரலாமா? நான் அனுப்பிய மடலின் நகலை இணைத்துள்ளேன்.

பதில்: ஏரோஸ்பேஸ் படிக்காதது காரணமே இல்லை. முதலில் அந்தக் கவலையை இறக்கி வையுங்கள். செயற்கைக்கோள் உருவாகும் இடத்துக்குப் போய்ப் பார்த்தால் மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ், மெட்டலர்ஜி, இயற்பியல் என்று எல்லாத் துறைக்காரர்களும் இருப்பார்கள். ராக்கெட் கிளம்பும்போது ஏற்படும் அதிர்வைச் சட்டகம் தாங்குமா என்று சோதிப்பவர், சூரியத் தகடு விரிவதற்கான கீலை வடிவமைப்பவர், வெயிலிலும் நிழலிலும் கலம் எவ்வளவு சூட்டில் இருக்கும் என்று கணக்குப் போடுபவர், இந்த மூன்று வேலையும் மெக்கானிக்கல் படித்தவர்களுக்கு உரியவை. உங்கள் சிஜிபிஏவும் பெரிய தடை ஆகாது.

தடை நீங்கள் அனுப்பிய மடலில் இருக்கிறது. "சிறு வயது முதலே விண்வெளி மீது தீராத ஆர்வம் கொண்டவன். தங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில் எந்தப் பிரிவிலும் எந்த வேலையும் செய்யத் தயாராக இருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் வெப்பக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். எனக்கும் இப்படி மடல்கள் வரும். அந்த ஆர்வத்தை நான் ஒருநாளும் சந்தேகித்ததில்லை. ஆனால் "எந்த வேலையும்" என்று எழுதியவருக்கு என்ன வேலை கொடுப்பது என்று யோசிக்கும் பொறுப்பு என் தலையில் வந்து விழுகிறது. அவருக்கு என்ன தெரியும், எதிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும், எட்டு வாரத்தில் எதை முடிக்க முடியும், எதுவும் தெரியாது. நாளைக்குப் பார்க்கலாம் என்று மூடி வைத்த மடலை மறுநாள் யாரும் திறப்பதில்லை.

பதில் போட வைத்த ஒரு மடலைப் பற்றிச் சொல்கிறேன். ஐந்தே வரிதான். "உங்கள் குழுவின் கட்டுரையில் இருந்த சிறு செயற்கைக்கோளுக்கு நானே எளிய வெப்பக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். நிழல் பகுதியில் என் விடை உங்கள் வரைபடத்தைவிட 14 டிகிரி குறைவாக வருகிறது. பூமியிலிருந்து வரும் அகச்சிவப்பை விட்டுவிட்டதுதான் காரணமா?" என்று கேட்டிருந்தார். ஆமாம், அதுதான் காரணம். பதில் எழுதி முடிக்கும்போதே அவருக்கு என்ன வேலை கொடுக்கலாம் என்பதும் மனதில் வந்துவிட்டது. அவருடைய கல்லூரி எது, மதிப்பெண் எவ்வளவு என்பதையெல்லாம் பிறகுதான் பார்த்தேன்.

அந்த மாதிரி ஒரு கணக்கை நீங்கள் இன்றைக்கே தொடங்கலாம். ஹீட் டிரான்ஸ்ஃபர் பாடத்தில் ஒரு பொருள் தன் வெப்பநிலைக்கு ஏற்ப எவ்வளவு வெப்பத்தை வெளிவிடும் என்று சொல்லும் ஸ்டெஃபான்–போல்ட்ஸ்மான் விதியைப் படித்திருப்பீர்கள், அது போதும். கியூப்சாட் என்பது ஒவ்வொரு பக்கமும் 10 சென்டிமீட்டர் உள்ள கனசதுரப் பெட்டி வடிவச் சிறு செயற்கைக்கோள். 1999ல் கலிஃபோர்னியா பாலிடெக்னிக்கின் ஜோர்டி புய்க்-சுவாரியும் ஸ்டான்ஃபோர்டின் பாப் ட்விக்ஸும் மாணவர்கள் கட்டிப் பழகட்டும் என்று வகுத்த அளவு அது. பூமி இருக்கும் தொலைவில் சூரிய ஒளி ஒரு சதுர மீட்டருக்கு 1361 வாட். பெட்டியின் ஒரு முகம் மட்டும் நேராகச் சூரியனைப் பார்க்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த 0.01 சதுர மீட்டரில் விழுவது 13.6 வாட். வெப்பத்தை வெளியே விடுவதோ ஆறு முகமும், அதாவது 0.06 சதுர மீட்டர். உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாகும் வெப்பநிலையைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெட்டி முழுக்கக் கறுப்பாக இருந்தால் விடை 251 கெல்வின், சுமாராக மைனஸ் 22 டிகிரி செல்சியஸ். இனி பெட்டியைத் தொடாமல் மேற்பரப்பை மட்டும் மாற்றுங்கள். பளபளப்பாகத் தேய்த்த அலுமினியம் சூரிய ஒளியில் 15 சதவீதத்தை உள்வாங்கும், அதன் உமிழ்திறன், அதாவது முழுக் கறுப்போடு ஒப்பிட்டால் வெப்பத்தை வெளிவிடும் திறன், 0.05 என்று எடுத்துக்கொள்ளுங்கள். விடை 58 டிகிரி சூடு. வெள்ளைப் பெயின்ட் 20 சதவீதத்தை உள்வாங்கும், உமிழ்திறன் 0.9. விடை மைனஸ் 100 டிகிரி. அதே பெட்டி, அதே சூரியன். மேலே பூசியதை மாற்றியதற்கே 158 டிகிரி வித்தியாசம்! லித்தியம்-அயான் பேட்டரியைப் பூஜ்ய டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் படிந்து கெட்டுப்போகும் என்பதையும் சேர்த்து யோசித்தால், ஒரு சதுர சென்டிமீட்டர் பெயின்டுக்குக்கூட நாங்கள் ஏன் இவ்வளவு விவாதிக்கிறோம் என்று புரியும். இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பாடப்புத்தகத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு சமன்பாடு எழுந்து நின்றது போல இருந்தது.

இதோடு நிறுத்த வேண்டாம். 400 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 92 நிமிடம், அதில் 36 நிமிடம் வரை பூமியின் நிழல். பூமி தன் பங்குக்குச் சதுர மீட்டருக்குச் சராசரியாக 240 வாட் அகச்சிவப்பை அனுப்புகிறது, தன் மேல் விழும் சூரிய ஒளியில் 30 சதவீதத்தைத் திருப்பியும் விடுகிறது. இவற்றைச் சேர்த்து, பெட்டியின் எடையையும் வெப்பக் கொள்ளளவையும் கொடுத்து, பைத்தான் நிரல்மொழியில் நிமிடத்துக்கு நிமிடம் கணக்கிட்டு ஒரு வரைபடம் வரையுங்கள். பத்துச் சுற்றுக்கு ஓட்டினால் வெப்பநிலை ஏறி இறங்கி ஒரு தாளத்துக்கு வருவதைப் பார்க்கலாம். இரண்டு பக்கத்தில் எழுதி முடியுங்கள். என்னென்ன அனுமானம் செய்தீர்கள், எது விட்டுப்போனது என்பதை மறைக்காமல் எழுதுங்கள். அனுபவசாலிகள் முதலில் அந்தப் பத்தியைத்தான் தேடிப் படிப்பார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் அலகு போடுங்கள். 1999ல் செவ்வாய்க்குப் போன மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் தொலைந்துபோனது, ஒரு குழு பவுண்டு-விசையிலும் இன்னொரு குழு நியூட்டனிலும் கணக்கு வைத்திருந்ததால்தான்.

வேறு துறையில் படிக்கும் உங்கள் நண்பர்களுக்கும் இதே வழிதான். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால், செயற்கைக்கோள்களின் சுற்றுப்பாதை விவரங்கள் செலஸ்ட்ராக் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2022 பிப்ரவரி 3 அன்று ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்களில் ஏறக்குறைய 40, மறுநாள் வந்த புவிகாந்தப் புயலால் காற்று மண்டலம் உப்பியதில் இழுவை கூடிக் கீழே விழுந்தன. புயலுக்கு முன்னும் பின்னும் மற்ற செயற்கைக்கோள்களின் உயரம் எப்படி மாறியது என்று வரைந்து பார்ப்பதே ஒரு நல்ல சிறு ஆய்வு. இயற்பியல் என்றால், வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களைத் தேடும் நாசாவின் டெஸ் விண்வெளித் தொலைநோக்கியின் தரவு இருக்கிறது. 2019ல் நாசாவின் கோடார்ட் மையத்துக்கு இன்டர்னாக வந்த ஒரு பள்ளி மாணவர், வந்த மூன்றாம் நாளே அந்தத் தரவில் இரட்டைச் சூரியன்களைச் சுற்றும் கோள் ஒன்றின் தடத்தைக் கண்டார், அதற்கு டிஓஐ 1338 பி என்று பெயர். இந்தச் செய்தியைப் படிப்பவர்கள் 'மூன்றாம் நாள்' என்பதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். அவர் செய்துகொண்டிருந்தது, தன்னார்வலர்கள் குறித்து வைத்த, விண்மீன்களின் ஒளி கூடிக் குறைவதைக் காட்டும் வரைபடங்களை ஒவ்வொன்றாகப் பொறுமையாகச் சரிபார்க்கும் வேலை.

அடுத்தது, யாருக்கு எழுதுவது. இந்த இடத்தில் பலரும் வீணாகக் காலத்தை இழக்கிறார்கள், ஏனென்றால் விண்வெளித் துறையில் குடியுரிமை ஒரு பெரிய வாசல். ராக்கெட் தொழில்நுட்பமும் ஏவுகணைத் தொழில்நுட்பமும் ஒரே வேரிலிருந்து வந்தவை. அதனால் அமெரிக்காவில் ஐடார் என்னும் ஆயுத ஏற்றுமதிச் சட்டவிதிகள், கட்டுப்படுத்தப்பட்ட ஒரு வரைபடத்தை அந்நிய நாட்டவர் ஒருவருக்குக் காட்டினாலே ஏற்றுமதியாகக் கணக்கில் எடுக்கின்றன, அவர் அதே கட்டடத்தில் உட்கார்ந்திருந்தாலும் சரி. நாசாவின் வழக்கமான இன்டர்ன்ஷிப்புகள் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும்தான், நாசாவோடு ஒப்பந்தம் செய்துகொண்ட நாடுகளின் மாணவர்களுக்குத் தனி வழி உண்டு. ஐரோப்பிய விண்வெளி முகமை ஆண்டுதோறும் நவம்பரில் மாணவர் இடங்களை அறிவிக்கும், காலம் மூன்று முதல் ஆறு மாதம். அங்கும் உறுப்பு நாடுகளையும் கனடா போன்ற கூட்டு நாடுகளையும் சேர்ந்தவர்களுக்கே இடம். இஸ்ரோவின் மாணவர் திட்டம் 60 சதவீதம் அல்லது 10க்கு 6.32 சிஜிபிஏ கேட்கிறது. பி.இ. மாணவர்கள் ஆறாம் செமஸ்டர் முடித்த பிறகு ப்ராஜெக்ட் டிரெய்னியாகப் போகலாம். குறைந்தது 45 நாள், உதவித்தொகை கிடையாது. நீங்கள் இந்தியக் குடிமகன் என்றால் உங்கள் 7.1 அங்கே தாராளமாகப் போதும். ஆனால் விண்ணப்பம் கல்லூரி வழியாகப் போக வேண்டும், எந்த மையத்தில் எந்தப் பிரிவு உங்கள் வேலைக்குப் பொருந்தும் என்பதையும் நீங்கள்தான் தெரிந்து எழுத வேண்டும்.

ஆக, மடல் அனுப்பும் முன் ஒவ்வொரு நிறுவனத்தின் தகுதிப் பக்கத்தில் குடியுரிமை வரியை முதலில் பாருங்கள். நீங்கள் அனுப்பிய முப்பதில் பாதியாவது அந்த வரியிலேயே நின்றுபோயிருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் திறமைக்கும் அந்த மௌனத்துக்கும் சம்பந்தமில்லை. ராக்கெட், எஞ்சின், வழிகாட்டும் கருவிகள் பக்கம் போகப் போக வாசல் குறுகும். வானியல், கோள் அறிவியல், திறந்த தரவு, பல்கலைக்கழக கியூப்சாட் ஆய்வகங்கள் பக்கம் அகலமாகும். நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகமும் ஐரோப்பிய முகமையும் சேர்ந்து நடத்தும் லீப்ஸ் கோடைத் திட்டத்துக்கு எந்த நாட்டு மாணவரும் விண்ணப்பிக்கலாம். அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகம் நடத்தும் சர்ஃப் என்னும் பத்து வார ஆய்வுத் திட்டத்தில் ஒரு வழிகாட்டியைப் பிடித்து, அவரோடு சேர்ந்து ஆய்வு முன்மொழிவை எழுதிய பிறகுதான் விண்ணப்பமே போடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த முறை இது. மாணவர் வருவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது.

காலக்கணக்கும் முக்கியம். கோடைக்கால இடங்களுக்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையிலேயே முடிந்துவிடும். மே மாதம் வேண்டும் என்று ஏப்ரலில் எழுதினால் மடல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. பரிந்துரைக் கடிதம் தரும் ஆசிரியருக்குக் குறைந்தது மூன்று வாரம் கொடுங்கள். உங்கள் இரண்டு பக்கக் குறிப்பையும் அவர் கையில் கொடுங்கள். அப்போதுதான் 'ஒழுக்கமான மாணவர்' என்பதற்கு மேல் அவரால் எதையாவது எழுத முடியும்.

பணம் கட்டிச் சேருவது பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம். உண்மையான ஆய்வு இன்டர்ன்ஷிப்பில் உங்கள் உழைப்பை அந்தக் குழு பயன்படுத்திக்கொள்கிறது. சில இடங்களில் உதவித்தொகை தருவார்கள், சில இடங்களில் தர மாட்டார்கள், ஆனால் தேர்வு செய்வதற்கு உங்களிடம் கட்டணம் வாங்க மாட்டார்கள். கட்டணம் வாங்குவது பயிற்சி வகுப்பு. பயிற்சி வகுப்பு கெட்டதில்லை. 1987ல் தொடங்கிய சர்வதேச விண்வெளிப் பல்கலைக்கழகம்கூடத் தன் படிப்புகளுக்குக் கட்டணம் வாங்குகிறது, தன்னைக் கல்வி நிறுவனம் என்றுதான் சொல்லிக்கொள்கிறது. வகுப்பை இன்டர்ன்ஷிப் என்று பெயர் மாற்றி விற்பதுதான் தவறு. உங்களை அழைப்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எனக்கு வழிகாட்டப் போகும் ஆய்வாளர் யார், அவர் வெளியிட்ட வேலை எது, எட்டு வாரம் முடிந்த பிறகு என் முடிவை யார் பயன்படுத்தப் போகிறார்கள்? பெயர் சொல்லிப் பதில் வராவிட்டால் விலகிவிடுங்கள். அந்தப் பணத்துக்கு ஈடான கருவிகள் இலவசமாகவே இருக்கின்றன. சுற்றுப்பாதைக்கு நாசா வெளியிட்ட ஜிமேட், காற்றியக்கவியலுக்கு ஓப்பன்ஃபோம், மாதிரி ராக்கெட்டுக்கு ஓப்பன்ராக்கெட், பழைய தொழில்நுட்ப அறிக்கைகளுக்கு நாசாவின் என்டிஆர்எஸ் நூலகம்.

இனி மடல். தலைப்பிலேயே உங்கள் பாடமும் தேதியும் வரட்டும்: "கியூப்சாட் வெப்பக் கணக்கு – மே, ஜூன் மாதங்களில் எட்டு வாரம்". முதல் வரியில் அவருடைய எந்தக் கட்டுரையை, எந்தப் படத்தைப் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். இரண்டாவது வரியில் நீங்கள் போட்ட கணக்கின் விடை. மூன்றாவதில் உங்களுக்குப் புரியாத ஒரு கேள்வி, உண்மையாகவே புரியாததாக இருக்கட்டும். பிறகு எப்போது வர முடியும், எந்தக் குடியுரிமை. இரண்டு பக்கக் குறிப்பை இணையுங்கள், ரெஸ்யூம் ஒரு பக்கம் போதும். நிறுவனத் தலைவருக்கு எழுதாதீர்கள். கட்டுரையில் முதல் பெயராக இருக்கும் இளம் ஆய்வாளருக்கு எழுதுங்கள். உதவிக்கு ஆள் தேவைப்படுவது அவருக்குத்தான். ஒரே மடலை முப்பது பேருக்கு அனுப்புவதைவிட, ஆறு பேருக்கு ஆறு மடல் எழுதுங்கள்.

இடம் கிடைத்தால் முதல் வாரம் உங்களுக்கு ராக்கெட்டைக் காட்ட மாட்டார்கள். பழைய வெற்றிட அறைச் சோதனையின் தரவில் பழுதான சென்சார் எது என்று பிரிக்கச் சொல்லலாம், ஒரு தாங்கியின் திருகு இடங்களை வரையச் சொல்லலாம். தினமும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். நீங்கள் கிளம்பிய பிறகு உங்கள் வேலையை இன்னொருவர் எடுத்து நடத்த அந்த நோட்டுதான் கை கொடுக்கும். அடுத்த பரிந்துரைக் கடிதமும் அதிலிருந்துதான் பிறக்கும்.

இரண்டு வாரம் ஆகியும் பதில் வராவிட்டால் ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள். வெறும் "பார்த்தீர்களா ஐயா" என்று கேட்காமல், முதல் குறிப்பில் விட்டுப்போனதாக நீங்களே எழுதியிருந்த ஒன்றைச் சேர்த்து வரைந்த புதிய வரைபடத்தை அந்த மடலோடு இணையுங்கள்.