ஊற்றைக் காக்காமல் சாலமாண்டரைக் காக்க முடியுமா?

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், பார்ட்டன் ஸ்பிரிங்ஸ் ஊற்றுகளில் வாழும் சாலமாண்டரைப் பற்றிப் படித்தேன். விரலளவு உயிருக்காக எங்கோ தள்ளியிருக்கும் நிலத்தில் கட்டடத்துக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்களாம். பிடிக்காதே, கொல்லாதே என்று ஒரு சட்டம் போட்டால் போதாதா? அதே ஊற்றுக் குளத்தில் மக்கள் இன்றும் நீந்துகிறார்களே, அது மட்டும் எப்படிச் சட்டப்படி சரி?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

தென்னிந்தியாவில் சாலமாண்டர் கிடையாது. அதனால் படத்தைப் பார்க்கும் நம்மவர்கள் பல்லி என்று நினைத்துவிடுகிறார்கள். அது தவளையின் உறவு. பார்ட்டன் ஸ்பிரிங்ஸ் சாலமாண்டருக்கு நுரையீரல் இல்லை. வளர்ந்த பிறகும் செவுள் மறைவதில்லை. ஆறு சென்டிமீட்டர் உடம்போடு ஆயுள் முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே கிடக்கிறது. தண்ணீரில் கரைந்த ஆக்ஸிஜன் குறைந்தால் கரையேறித் தப்ப அதற்கு வழியில்லை. வேட்டையால் அருகிப்போன இனமல்ல இது. பிடிக்காதே என்ற சட்டம் மட்டும் இருந்தால், அதை ஒருவரும் மீறாமலேயே இந்த இனம் அழிந்துபோகும்.

அந்தத் தண்ணீர் வருவது எட்வர்ட்ஸ் சுண்ணாம்புப் பாறையிலிருந்து. அங்கே மழைநீர் மண்ணில் ஊறி, வடிந்து, மெல்ல இறங்குவதில்லை. ஓடைப் படுகையிலுள்ள வெடிப்புகளிலும் குழிகளிலும் நேராக விழுந்துவிடுகிறது. பல கிலோமீட்டர் தள்ளிச் சோதனைக்காகக் கலந்த சாயம் சில நாட்களிலேயே ஊற்றில் தெரிந்திருக்கிறது. சாயம் வந்த வழியில் வண்டி எண்ணெயும் பூச்சிமருந்தும் கட்டுமான வண்டலும் வரும்.

அதனால்தான் 1992இல் ஆஸ்டின் வாக்காளர்கள் நகர விதி ஒன்றை நேரடியாக வாக்களித்து நிறைவேற்றினார்கள். நீர் பாறைக்குள் இறங்கும் பகுதியில் மனையின் 15 சதவீதத்துக்கு மேல் கூரை, தார், கான்கிரீட் எதுவும் மூடக்கூடாது. அதற்கு மேற்புறம் பார்ட்டன் ஓடையின் நீர்ப்பிடிப்பில் 20, மற்ற ஓடைகளில் 25. சமதளமான ஓர் ஏக்கர், அதாவது 43,560 சதுர அடி மனையில், வீடு, வண்டிப்பாதை எல்லாம் சேர்ந்து 6,534 சதுர அடி. செங்குத்தான சரிவு கணக்கில் சேராது. சரிவை மனையாகக் காட்டி அனுமதியைப் பெருக்க முடியாது. எனக்கு இதில் மிகவும் பிடித்த நுணுக்கம் அதுதான். பிறகு, வாகன நிறுத்துமிடங்களில் பூசும் நிலக்கரித்தார்ப் பூச்சு ஓடை வண்டலில் நச்சாகச் சேர்வதைக் கண்டறிந்து, 2006 முதல் அதையும் தடைசெய்தார்கள்.

ஓட்டைகள் உண்டு. டெக்சாஸ் மாநிலச் சட்டப்படி, ஒரு திட்டம் முதலில் விண்ணப்பிக்கப்பட்ட நாளில் இருந்த விதியே அதற்குப் பொருந்தும். பழைய காகிதம் கையில் இருந்தால் புதிய வரம்பு தொடாது. நகரின் அதிகார வரம்புக்கு அப்பாலுள்ள நிலத்துக்கும் இந்த விதி செல்லாது. நீர்ப்பிடிப்பின் பெரும்பகுதி இருப்பதோ அங்கேதான்.

மத்திய அரசின் பாதுகாப்பும் எளிதாகக் கிடைக்கவில்லை. மாநிலத் துறைகள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி, அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்க்கும் முன்மொழிவை 1996இல் கைவிட்டார்கள். வழக்கு நடந்தது, நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 1997இல் அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவிப்பு வந்தது. இனிமேல் செய்வோம் என்ற வாக்குறுதி சட்டப் பாதுகாப்புக்கு ஈடாகாது. அந்தத் தீர்ப்பு சரியென்றே நினைக்கிறேன்.

நீச்சலுக்கு வருகிறேன். அழியும் நிலையிலுள்ள இனங்களைக் காக்கும் 1973ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் 9ஆம் பிரிவு துன்புறுத்துவதையும் கொல்வதையும் தடுக்கிறது. ஆனால் 10ஆம் பிரிவு, வேறொரு நியாயமான வேலையின்போது தற்செயலாக நேரும் பாதிப்புக்கு, நிபந்தனையோடு உரிமம் தருகிறது. நகராட்சி 1998இல் 15 ஆண்டுகளுக்கும், 2013இல் மேலும் 20 ஆண்டுகளுக்கும் அதைப் பெற்றது. குளம் கழுவக் குளோரின் கூடாது. பாசி தேய்க்க நீர்மட்டத்தை இறக்கினால் பக்கத்திலுள்ள எலைசா ஊற்றும் சேர்ந்து வற்றும். கற்களுக்கடியில் சாலமாண்டர் சிக்கிக் காயும். ஆகவே மட்டத்தை இறக்குவதற்கும் வரம்பு உண்டு. இறக்கும்போது உயிரியலாளர்கள் தேடி எடுத்துத் தண்ணீரில் விடவேண்டும்.

நீரின் அளவுக்கும் விதி இருக்கிறது. ஊற்றின் சராசரி ஓட்டம் நொடிக்கு 53 கன அடி, ஏறக்குறைய 1,500 லிட்டர். ஓட்டம் தளர்ந்தால் ஆக்ஸிஜன் குறையும். 1950களின் வறட்சியில் 10 கன அடிக்கும் கீழே போனது. இப்போது ஓட்டம் 38 கன அடிக்கு இறங்கினால் உரிமம் பெற்ற பழைய கிணறுகள் 20 சதவீதம் இறைப்பைக் குறைக்க வேண்டும், 20 கன அடிக்கு இறங்கினால் 30 சதவீதம். சிறிய வீட்டுக் கிணறுகளுக்கு விலக்கு.

இப்போது என் கவலை, 'தீங்கு' என்ற ஒரு சொல்லைப் பற்றியது. வாழிடத்தைச் சிதைத்து உயிரைக் கொல்வதும் காயப்படுத்துவதும் தீங்குதான் என்று அந்த 1973 சட்டத்தின் கீழுள்ள விதி சொல்கிறது. 1995இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. 2025 ஏப்ரலில் அந்த விளக்கத்தையே நீக்க அரசு முன்மொழிந்தது. அது போனால், சாலமாண்டரைக் கையால் நசுக்குவது குற்றம், அதன் நீர் இறங்கும் பிளவைக் கான்கிரீட்டால் அடைப்பது குற்றமில்லை என்றாகும். நீங்கள் கேட்ட 'பிடிக்காதே, கொல்லாதே' சட்டம் அப்படித்தான் இருக்கும்.