18 விஎம்-முக்கு (மென்பொருளால் உருவாகும் மெய்நிகர் கணினி) வைத்திருக்கும் 10 டிபி ஸ்டோரேஜையும் ஒரே வால்யூமாக, அதாவது பிரிக்காமல் ஒரே பகுதியாகப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

வேண்டாம். அதற்காக 18 விஎம்-முக்கும் ஆளுக்கொரு வால்யூம் என்றும் இறங்கிவிடாதீர்கள், மேய்க்க முடியாது.

நீங்கள் சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்வோம். 17 சாதாரண விஎம், தலா 120 ஜிபி டிஸ்க், 8 ஜிபி ராம். டிஸ்க் மட்டும் 2,040 ஜிபி. இதில் பலர் மறப்பது ஸ்வாப் கோப்பு (ராம் போதாதபோது அதற்குப் பதிலாக டிஸ்கில் பயன்படுவது): ராமை ரிசர்வ் செய்யாவிட்டால், அதாவது அந்த விஎம்-முக்கென்றே ஒதுக்கி வைக்காவிட்டால், விஎம் ஓடும்போது அதே அளவுக்கு இஎஸ்எக்ஸ்ஐ (விஎம்-களை ஓட்டும் விஎம்வேர் மென்பொருள்) ஒரு கோப்பை உருவாக்கும், அதாவது இன்னொரு 136 ஜிபி. ஸ்னாப்ஷாட்டுக்கு (விஎம்-மின் ஒரு நேரத்து நிலையைப் பிடித்து வைப்பது) கால்வாசி இடம் காலியாக விட்டால் மொத்தம் ஏறக்குறைய 3 டிபி. இதை 1.5 டிபி-யாக இரண்டு வால்யூம் போடுங்கள். 2 டிபி டேட்டாபேஸ் விஎம்-முக்குத் தனியாக 3 டிபி.

மிச்சம் 4 டிபி-யைத் தொடவே தொடாதீர்கள். விஎம்எஃப்எஸ் (இஎஸ்எக்ஸ்ஐ-யின் கோப்பு முறை) வால்யூமைப் பின்னால் பெரிதாக்கலாம், சுருக்க முடியாது.

தின் டிஸ்க் (முழு இடத்தையும் முதலிலேயே பிடிக்காமல், எழுத எழுத வளர்வது) போட்டால் வால்யூம் 80 சதவீதம் நிரம்பும்போதே அடிக்கும்படி அலாரம் வையுங்கள். எங்கள் ஆபீஸில் யாரோ எடுத்து மறந்த ஒரு ஸ்னாப்ஷாட் (நான்தான், சரி) வாரக்கணக்கில் வளர்ந்து வால்யூமை நிரப்பி, ராத்திரி இரண்டு மணிக்கு 11 விஎம் அப்படியே உறைந்து நின்றன.

அப்புறம், மூன்று வால்யூமும் ஒரே ரெய்டு குழுவில்தான் (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்த தொகுப்பு) இருக்கிறதென்றால் பிரித்ததால் டிஸ்க் வேகம் கூடாது. டேட்டாபேஸ் இப்போதே இழுக்கிறது என்றீர்களே, அதற்குத் தனி டிஸ்க்குகள்தான் வழி.